குதிரில் நெல் இருக்கும்போது பட்டினி எதற்கு? பைரேட்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பிட்ஸ்பர்க், நவம்பர் 2025

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் பொது மேலாளர் பென் செரிங்டன் அவர்களுக்கும் உரிமையாளர் பாப் நட்டிங் அவர்களுக்கும்,

வணக்கம். 2008-இல் ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று இரண்டு இந்தியப் பையன்களை உங்கள் அணி ஒப்பந்தம் செய்தது. இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள். பேஸ்பால் அவர்களுக்குப் புதிது. அந்தச் செய்தியில்தான் பைரேட்ஸ் என்ற பெயரை முதல்முறை படித்தேன். அப்புறம் வேலை என்னை இந்த ஊருக்கே கொண்டுவந்து சேர்த்தது. அன்றிலிருந்து இதுதான் என் அணி. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இந்த வருடம் 71 வெற்றி, 91 தோல்வி. எடுத்தது 583 ரன், பந்தை வேலிக்கு வெளியே அனுப்பிய ஹோம் ரன் 117. முப்பது அணிகளில் இரண்டிலுமே நாம்தான் கடைசி. ஆனால் பந்து வீசுகிற பிட்சர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. மே 18 அன்று பிலடெல்பியாவில் பால் ஸ்கீன்ஸ் முழு ஆட்டத்தையும் தானே வீசினார். விட்டுக்கொடுத்தது ஒரே ரன். 1-0 என்று தோற்றோம். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த என் மகள், "இவர் இன்னும் என்னதாம்ப்பா செய்யணும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இந்த மாதம் அவருக்குச் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது கொடுத்திருக்கிறார்கள். வாக்களித்த ஒருவர்கூட வேறு பெயரை முதலிடத்தில் எழுதவில்லை. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 1.97. அவர் பெயரில் வெற்றி 10, தோல்வி 10. அந்தப் பத்துத் தோல்விக்கும் அவரைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

2029 சீசன் முடிந்தால் ஸ்கீன்ஸ் தன் விருப்பப்படி எந்த அணிக்கும் போகலாம். கையில் இருப்பது நான்கே சீசன்கள்.

அதனால் கேட்கிறேன்: இளம் வீரர்களைக் கொடுத்து, ஹோம் ரன் அடிக்கிற ஒரு ஆளை இந்தக் குளிர்காலத்திலேயே வாங்குங்கள். உங்களிடம் பிட்சர்கள் குவிந்து கிடக்கிறார்கள். பப்பா சாண்ட்லர் ஆகஸ்டில் வந்தார், ஹண்டர் பார்கோ செப்டம்பரில் வந்தார். அணிகள் வரிசையாகப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஜூலை டிராஃப்டில் ஆறாவது இடத்தில் எடுத்த சேத் ஹெர்னாண்டஸும் பிட்சர்தான். இத்தனை பேருக்கும் இங்கே இடம் கிடையாது. இது குதிரில் இருக்கும் நெல். எடுத்துச் சமைக்கலாம்.

கானர் கிரிஃபின் மட்டும் விதைநெல். 2024 டிராஃப்டில் ஒன்பதாவதாக எடுத்த பையன், 19 வயது. கீழ்நிலைப் போட்டியான மைனர் லீக்கில் தன் முதல் வருடத்திலேயே 21 ஹோம் ரன், 65 ஸ்டீல் (அடிக்காமலே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது). எந்த அணி எவ்வளவு பெரிய பெயரைச் சொல்லிக் கேட்டாலும் அவரைத் தராதீர்கள்.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. 2018 ஜூலை 31 அன்று கிறிஸ் ஆர்ச்சர் என்ற பிட்சருக்காக டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், பிறகு ஷேன் பாஸ் என்று மூன்று பேரைத் தாம்பா பே அணிக்குக் கொடுத்தோம். நீங்கள் பொறுப்புக்கு வரும் முன் நடந்தது, சரி. ஆனால் காயம் ஊருக்கே பட்டது. போன மாதக் கடைசியில் உலகத் தொடர் என்னும் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தை டாட்ஜர்ஸுக்காக முடித்துக் கொடுத்தவர் அதே கிளாஸ்னோ. நான் பாதியில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டு மாதத்துக்கு ஒருவரை வாடகைக்கு எடுப்பதுபோல் எடுத்தாலும் கெடுதல்தான். 2021-இல் நியூயார்க் மெட்ஸ் அணி ஹாவியர் பாயஸுக்காகப் பீட் க்ரோ-ஆம்ஸ்ட்ராங் என்ற இளைஞரைச் சிகாகோ கப்ஸ் அணியிடம் விட்டது. பாயஸ் அந்த சீசனோடு டெட்ராய்ட் போய்விட்டார். க்ரோ-ஆம்ஸ்ட்ராங் இந்த வருடம் சிகாகோவில் 31 ஹோம் ரன் அடித்தார். அதனால் குறைந்தது இரண்டு, மூன்று சீசன் நம்மோடு இருக்கிற ஆளாகப் பாருங்கள்.

நன்றாக முடிந்த வியாபாரமும் கண்முன்னே இருக்கிறது. சியாட்டில் அணி ஜூலையில் ஹோம் ரன் அடிக்கிற யூஹெனியோ சுவாரஸை வாங்கியது. தங்கள் முதல்தர இளைஞர்கள் யாரையும் அதற்காக இழக்கவில்லை. அக்டோபரில், உலகத் தொடருக்குப் போவது யார் என்று முடிவாகும் தொடரில், டொராண்டோவுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில், எட்டாவது இன்னிங்ஸில், மூன்று பேஸிலும் ஆள் நிற்க அவர் அடித்தது நான்கு ரன் தரும் கிராண்ட் ஸ்லாம். கடைசியில் ஏழாவது ஆட்டத்தில் அவர்கள் தோற்றார்கள்தான். ஆனாலும் உலகத் தொடருக்கு ஒரே ஒரு வெற்றி தூரத்தில் நின்றார்கள். எங்களுக்கு அந்த இடம்கூடக் கனவு.

எப்படிப்பட்ட ஆள் என்றும் சொல்லிவிடுகிறேன். இடது கை பேட்டராக இருக்கட்டும். நம் மைதானமான பிஎன்சி பார்க்கில் இடப்புற நடுப்பகுதி 410 அடிக்கு உள்வாங்கி இருக்கிறது. வலது கைக்காரர் உயிரைக் கொடுத்து அடித்த பந்து அங்கே சாதாரண கேட்ச் ஆகிப்போவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. இடது கைக்காரர் ஓங்கி அடிக்கிற பந்து பெரும்பாலும் வலப்புறம் போகும்; அந்தக் கோட்டில் 320 அடிதான். நம் பழைய நட்சத்திரம் கிளெமென்டேவின் சீருடை எண் 21-க்காக 21 அடியில் எழுப்பிய சுவர் அங்கே உண்டு, அதற்குப் பின்னால் அலெகெனி ஆறு. மே 25 அன்று ஒனீல் க்ரூஸ் அந்தப் பக்கம் அடித்த பந்தை நினைத்துப் பாருங்கள். மட்டையை விட்டுக் கிளம்பியபோது மணிக்கு 122.9 மைல். அளக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவ்வளவு வேகமாக யாரும் அடித்ததில்லை. சத்தம் காதில் விழுந்து நாங்கள் எழுந்து நிற்பதற்குள் பந்து ஆற்றுப் பக்கம் போய்விட்டது. ஆனால் அணியிலேயே அதிகம் அடித்த அவர் கணக்கே 20 ஹோம் ரன்தான், பேட்டிங் சராசரி .200. அவரை மட்டும் நம்பி ஒரு சீசனை ஓட்ட முடியாது. பக்கத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும்.

நம் பழைய வீரர் வில்லி ஸ்டார்ஜல் 1973-இல் 44 ஹோம் ரன் அடித்ததுதான் கடைசி. அதற்குப் பிறகு நம் சீருடையில் ஒருவரும் ஒரு சீசனில் நாற்பதைத் தொடவில்லை. நட்டிங் ஐயா, இந்த வரி உங்களுக்கு. ஆள் வந்தால் சம்பளமும் வரும். பிட்சர்களைக் கொடுத்துவிட்டுச் சம்பளத்துக்குப் பயந்து மலிவான ஆளாகப் பார்த்தால் இரண்டும் போச்சு.

அடுத்த மாதம் ஆர்லாண்டோவில் எல்லா அணியினரும் கூடுகிறீர்கள். அங்கே யாராவது பார்கோவையோ ஹெர்னாண்டஸையோ கேட்டால், உடனே மறுக்காமல் உட்கார்ந்து பேசுங்கள். சாண்ட்லரைக் கேட்டாலும், நிஜமாகவே பெரிய ஆளாக இருந்தால், பேசுங்கள். கிரிஃபின் பெயரை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வலப்புறச் சுவருக்கு மேலே உட்கார்ந்து பார்க்கும் ஒரு ரசிகன்