சொந்தத்தில் கட்டியதும் உன் குதிகால் தழும்பும்

அன்புள்ள கயலுக்கு,

நீங்களும் அப்பாவும் சொந்தத்தில் கட்டியதால்தான் எனக்குக் குதிகாலில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்ததா, திரும்பவும் வருமா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன்.

வந்ததற்கு அது காரணம் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. வெயிலும் காரணமில்லை. பிரிஸ்பேனில் எல்லோரும் சன்ஸ்கிரீனைப் பற்றியே பேசுவார்கள், அவர்களுக்கு வருவது பெரும்பாலும் வெயிலால் வருவது. உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரும் அக்ரல் மெலனோமா வேறு வகை. நம் மாதிரி நிறத்தவர்களுக்கு மெலனோமா அபூர்வம். வந்தால் பெரும்பாலும் அந்த இடங்களில்தான்.

திரும்ப வருமா என்ற கேள்வியில்தான் மரபணு உள்ளே வருகிறது. நம் செல்கள் உள்ளே இருக்கும் புரதங்களை நறுக்கி, எட்டு முதல் பத்து அமினோ அமிலம் நீளமுள்ள துண்டுகளாக ஒரு தாம்பாளத்தில் வைத்து வெளியே நீட்டுகின்றன. உடம்பின் காவல்காரனான டி செல் வந்து பார்க்கும். நம்முடைய துண்டு என்றால் போய்விடும், மாறிப்போன துண்டு என்றால் அந்தச் செல்லைக் கொல்லும். அந்தத் தாம்பாளம்தான் எச்எல்ஏ. 6ஆம் குரோமோசோமில் ஏ, பி, சி என்று மூன்று மரபணுக்கள். என்னிடமிருந்து மூன்று, அப்பாவிடமிருந்து மூன்று. ஒவ்வொரு தாம்பாளத்திலும் சில வகைத் துண்டுகள்தான் பொருந்தி உட்காரும். ஆறும் ஆறு விதமாக இருந்தால் டி செல்லுக்குக் காட்ட அதிகம் இருக்கும்.

இந்த மூன்றும் அநேகமாக ஒரே கட்டாகத்தான் பிள்ளைக்கு இறங்கும். அத்தை மகனைக் கட்டியவளின் பிள்ளைக்கு, ஒரே தாத்தா பாட்டியின் ஒரே கட்டு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர 16இல் 1 வாய்ப்பு. தாய்மாமனைக் கட்டியிருந்தால் 8இல் 1. அப்படிச் சேர்ந்தால் ஆறு விதத்துக்குப் பதில் மூன்று விதம்தான். உன் விஷயத்தில் 16இல் 15 பங்கு அப்படி நடந்திருக்காது.

2018இல் வெளியான ஓர் ஆய்வில், டி செல்லைக் கட்டிவைக்கும் பிடி-1 போன்ற பிரேக்குகளை விடுவிக்கும் மருந்து பெற்ற 1,535 புற்றுநோயாளிகளைப் பார்த்தார்கள். இந்த மூன்று மரபணுக்களில் ஒன்றிலாவது இரண்டு பிரதியும் ஒன்றாக இருந்தவர்கள் குறைந்த காலமே வாழ்ந்தார்கள். ஆனால் அவர்கள் நோய் முற்றியவர்கள். கட்டியை எடுத்துவிட்டு, திரும்ப வராமலிருக்க அதே வகை ஊசி போட்டுக்கொள்ளும் உனக்கு அதை அப்படியே ஒட்டிப் பார்க்காதே. எச்எல்ஏ பரிசோதனையின் முடிவு எதுவானாலும் உன் மருந்து மாறப்போவதில்லை. கண்ணுக்குள் வரும் மெலனோமாவுக்கு டெபென்டாஃபஸ்ப் என்ற மருந்து கொடுக்கத்தான் அந்தப் பரிசோதனை கட்டாயம். மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டித் துண்டில் (பாரஃபின் பிளாக்) பிராஃப், கிட் என்ற மரபணுக்களின் மாற்றங்களைப் பார்த்தார்களா என்று கேள், மருந்தைத் தேர்ந்தெடுக்க அது பயன்படும்.

உன் தாம்பாளங்கள் நன்றாகவே இருந்தாலும் கட்டி தப்பிக்கலாம். தாம்பாளத்தைத் தாங்கும் பி2எம் புரதத்தையே அது தொலைத்துவிடும். அல்லது என்னிடமிருந்து வந்த தாம்பாளங்களையோ அப்பாவிடமிருந்து வந்தவற்றையோ மட்டும் குரோமோசோமோடு தூக்கி எறிந்துவிடும். ஆகவே நல்ல மரபணு என்று யார் சொன்னாலும் கண்காணிப்பை விடக் கூடாது.

உன் அறிக்கையில் தடிமன் 2.4 மி.மீ., புண் இல்லை, சென்டினல் கணு (கட்டியிலிருந்து முதலில் வடியும் நிணநீர்க் கணு) ஒன்றில் நுண்ணிய அளவில் புற்றுச் செல்கள், நிலை 3பி. மற்றக் கணுக்களை எடுக்கவில்லை, அது சரியான முடிவு. எல்லாவற்றையும் எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை, கால் வீக்கம்தான் மிஞ்சும் என்று 2017இல் தெரிந்துவிட்டது. ஆனால் கணுக்கள் உள்ளேயே இருப்பதால் ஸ்கேன் தேதி எதையும் தள்ளிப்போடாதே.

மாதம் ஒரு நாள், குளித்த பிறகு: தழும்பைச் சுற்றி விரல் நுனியால் அழுத்திப் பார். அங்கிருந்து கணுக்கால், ஆடுசதை, தொடை என்று மேலே ஏறு. தோலுக்கு அடியில் மிளகு அளவில் உருண்டை தட்டுப்பட்டால் அது கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இளஞ்சிவப்பாகவோ தோல் நிறத்திலோ கூட இருக்கும், பலரும் கொப்புளம் என்று விடுவது இதைத்தான். முழங்காலின் பின்பக்கத்தைக் காலைச் சற்று மடக்கிப் பார், நீட்டினால் அந்த இடம் இறுகி ஒன்றும் தெரியாது. பிறகு படுத்துக்கொண்டு தொடை இடுக்கு. அங்கே மெத்தென்று வழுக்கி ஓடும் சிறு நெறி எல்லோருக்கும் இருக்கும். கெட்டியாக, உருண்டையாக, இரண்டு வாரத்தில் கரையாமல் பெரிதாவதுதான் ஆகாது.

ஊசி இன்னும் ஐந்து பாக்கி. 400 மி.கி., ஆறு வாரத்துக்கு ஒன்று. ஒரே நாளில் வழக்கத்தைவிட நான்கு முறை அதிகமாக வெளிக்குப் போனால் லோபராமைடு என்ற பேதி நிறுத்தும் மாத்திரை போட்டு அடக்காதே, அன்றே உன் ஆன்காலஜி நர்ஸைக் கூப்பிடு. அது சாப்பாட்டுக் கோளாறாக இல்லாமல், கட்டவிழ்ந்த டி செல் குடலைத் தாக்குவதாக இருக்கலாம். ஸ்டீராய்டு சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் அடங்கும். தாமதித்தால் குடல் ஓட்டையாகலாம். தலைசுற்றலும் வாந்தியும் சேர்ந்து வந்தால் எமர்ஜென்சிக்கே போ, உடம்பைத் தாங்கும் கார்டிசால் ஹார்மோன் இறங்கியிருக்கலாம். கடைசி ஊசிக்குப் பிறகு பல மாதம் கழித்தும் இவை வரலாம். பெரியம்மா அனுப்பிய எதிர்ப்புச் சக்திப் பொடியைப் பிரிக்காமலே வை. கல்லீரல் என்சைம் ஏறினால் ஊசியாலா பொடியாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

போன மாதம் அனுப்பிய படத்தில் குதிகாலுக்குப் பக்கத்தில் ஸ்கேல் இல்லை. இந்த முறை வைத்து எடு, அதே ஜன்னல் வெளிச்சத்தில்.

அம்மா