கல் சுமந்தவர்கள் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டாம் உலகப் போரில் இடிந்த சோவியத் நகரான ஸ்டாலின்கிராடை ஜெர்மன் போர்க்கைதிகள் திரும்பக் கட்டியது பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வந்த கட்டுரையை ஆவலோடுதான் எடுத்தேன். "அழித்தவர்களே அந்நகரைக் கட்டிக் கொடுத்தார்கள், இதைவிடப் பெரிய நீதி உண்டா?" என்ற வரி வந்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன்.

தாங்கள் அறியாததல்ல. 1943 பெப்ரவரி வரை அங்கே பிடிபட்ட ஜெர்மன் தரப்புப் படையினர் ஏறத்தாழ 91,000 பேர். அவர்களில் பெரும்பாலானோர் பட்டினியாலும் டைபஸ் காய்ச்சலாலும் சில மாதங்களிலேயே செத்துப்போனார்கள். ஊர் திரும்பியவர்கள் ஆறாயிரம் அளவில்தான். பின்னாளில் கல் அடுக்கியவர்களில் வேறு முனைகளில் பிடிபட்டு வந்தவர்களும் உண்டு. 1942 ஆகஸ்டில் குண்டு போட்ட விமானிகளா சாந்து குழைத்தார்கள்? படத்துக்குக் கீழே "உற்சாகமாக உழைக்கும் கைதிகள்" என்று வேறு! வேலை அளவைப் பார்த்து ரொட்டி கொடுத்தால் உற்சாகம் தானாக வராதா?

சோவியத் தமிழ் நூல்கள் மலிவாகக் கிடைத்த காலத்தில் வளர்ந்தவள் நான். அலெக்சாந்திரா செர்காசொவா என்ற சிறுவர் பள்ளிப் பணியாளர், 1943 ஜூனில் 19 பெண்களோடு, அந்நகரில் சோவியத் வீரர்கள் காத்து நின்ற 'பாவ்லோவ் வீடு' என்ற கட்டடத்தின் இடிபாட்டை அகற்றத் தொடங்கினார். அவரைப் பார்த்து ஆயிரக்கணக்கானோர் வேலை முடிந்த கையோடு கூலியின்றி வந்து உழைத்தார்கள். முழுப்பக்கக் கட்டுரையில் இவர்களுக்கு ஒரு வரி இல்லை.

வியப்பில்லை. யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் 1990இல் போருக்குப் பயந்து விட்டுவிட்டு ஓடிய காணிக்கு நாங்கள் திரும்பியபோது ஓடில்லை, நிலையில்லை, கதவில்லை. கிணறு நிறைய இடிபாடு. இடித்தவரை அழைத்து வந்து யாரும் கட்டுவிக்கவில்லை. நானும் தங்கையும்தான் பழைய கற்களில் ஒட்டியிருந்த சாந்தை உளியால் தட்டித் தட்டி எடுத்தோம். அத்திவாரம் எழும்பினால்தான் வீட்டுத்திட்டத்தின் அடுத்த தவணை என்றார்கள். அதற்குக் காப்பு அடகுக்குப் போனது. வீடு கையளித்த படத்தைத் தங்கள் பத்திரிகையும் வெளியிட்டது. நாடா வெட்டியவர் நடுவில் சிரித்தார். வீட்டுக்காரியான என் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது.

1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, கண்ணிவெடி அகற்றுவதை ஆபத்தான வேலை என்கிறது. தானாக முன்வராத போர்க்கைதியை அதில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. போர்முனையாக இருந்த முகமாலை மண்ணில் முழந்தாளிட்டு அதே வேலையைச் செய்த எங்கள் பெண்கள், பிள்ளைகளுக்குச் சோறு போட 'முன்வந்தவர்கள்'. அவர்களைப் பற்றி மகளிர் தினத்தன்று மட்டும் எழுதுகிறீர்கள். மறுநாள் பழையபடி பொன்னாடையும் மாலையும்.

சென்ற முறை குடிநீர் பற்றி நான் எழுதிய கடிதத்தில் நன்றி சொன்ன பாதியை மட்டும் பிரசுரித்தீர்கள். அந்தப் பெருந்தன்மையை இம்முறை தவிர்க்க வேண்டுகிறேன்.

கேட்பது பெரிதொன்றுமில்லை. அடுத்த ஞாயிறு செர்காசொவாவின் பெயரை இரண்டு வரியில் போடுங்கள். இடமில்லை என்றால் ராசிபலனில் ஒரு ராசியைச் சுருக்கலாம். என் ராசியாக இருந்தாலும் சம்மதம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முன்பள்ளி ஆசிரியை,
தெல்லிப்பழை