கோபிப் பாலைவனத்திலிருந்து அப்பாவுக்கு

கான்போக்ட், மங்கோலியா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். தங்கச் சுரங்கத்துக்குப் போனவன் ஒரு குந்துமணித் தங்கத்தையாவது கண்ணால் பார்த்தானா என்று செங்கரட்டில் எல்லாரும் கேட்பதாகத் தம்பி எழுதியிருந்தான். பார்க்கவில்லை, பார்க்கப் போவதும் இல்லை. இந்த ஒயூ தோல்கோய் சுரங்கத்தில், நிலத்துக்கு அடியிலுள்ள தாதில், ஒரு டன்னுக்குச் சராசரியாக 15 கிலோ தாமிரமும் ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு தங்கமும்தான் உண்டு. நம் சேலத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்தில் வெள்ளை நரம்பு ஓடுவது எட்ட நின்றாலே தெரியும். சுத்தியும் கூடையுமாக உட்கார்ந்து பெண்களே கல்லைத் தரம் பிரித்துவிடுவார்கள். இங்கோ பாறையை மாவாக அரைத்து, நீரும் ரசாயனமும் சேர்த்து நுரைக்க வைத்து, நுரையோடு மிதந்து வரும் கரும்பொடியை வடித்துப் பைகளில் கட்டி, 80 கிலோமீட்டர் தெற்கேயுள்ள சீன எல்லைக்கு லாரியில் அனுப்புகிறார்கள். தங்கமும் அந்தப் பொடிக்குள்ளேயே போய், உருக்கிச் சுத்திகரிக்கும்போதுதான் தனியாகப் பிரிகிறது.

பெரிய தாது இருப்பது தெரிந்தது 2001-இல். அரசோடு ஒப்பந்தம் ஆனது 2009-இல். திறந்தவெளிக் குழியிலிருந்து 2013-இல் தாமிரப் பொடி வந்தது. நிலத்தடியில் உற்பத்தி தொடங்கியது 2023 மார்ச்சில்தான். சாலை, விமான நிலையம், எல்லை தாண்டி வரும் மின்சாரம் என எல்லாவற்றையும் வெறும் பொட்டலில் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. அரசின் பங்கு 34 சதவீதம். அந்தப் பங்குக்காக அரசின் தலையில் ஏறிய கடனைப் பற்றி நீண்ட காலம் சச்சரவு நடந்து, 2022-இல் 200 கோடி டாலருக்கு மேல் தள்ளுபடி ஆன பிறகே கீழே முக்கிய வெடிப்பு வேலை தொடங்கியது.

எங்கள் வேலை நடப்பது 1.3 கிலோமீட்டர் ஆழத்தில். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டை அடைகிறோமே, அந்த உயரத்தைவிடச் சற்று அதிகமாகவே கீழே இறங்குகிறோம். தாதுப் பாறையை மேலிருந்து வெட்டிக்கொண்டு வருவதில்லை. அதன் அடியில் சுரங்கப் பாதைகளைக் குடைந்து, அடிப்பகுதியை வெடிவைத்துத் தகர்த்துவிட்டால், மேலுள்ள பாறை தன் பாரத்தாலேயே உடைந்து உடைந்து கீழே இறங்குகிறது. அதைக் கீழே அள்ளி, நொறுக்கி, மேலே ஏற்றுகிறார்கள். பாறை தானாக விழ வேண்டும், ஆனால் நாங்கள் நிற்கும் பாதை மட்டும் விழக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு. துளையிட்டு இரும்புக் கம்பியைச் செருகி, வலை விரித்து, அதன்மேல் சிமெண்ட் கலவையைப் பீய்ச்சியடிக்கும் குழுவில் இருக்கிறேன். எத்தனையோ கருவிகள் இருந்தும், கூரையை நீண்ட கம்பியால் தட்டிப் பார்க்கும் பழக்கம் இங்கும் போகவில்லை. கணீரென்றால் கெட்டி, பொத்தென்றால் பெயர்ந்த கல். நீங்கள் கடப்பாரையால் தட்டிக் காட்டியது எனக்கு இங்கே உதவுகிறது.

வெளியே குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை போகும். கீழே அனுப்பும் காற்றையே சூடாக்கித்தான் அனுப்ப வேண்டும். எனக்கு உறுத்துவது தண்ணீர்தான். ஆலைக்கு ஆழத்து உப்பு நீரைக் குழாயில் கொண்டுவந்து, பெரும்பகுதியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். மேய்ப்பர்களின் ஆடும் ஒட்டகமும் குடிப்பது மேல்மட்டக் கிணறுகளில். உந்தாய் ஆற்றைத் திசை திருப்பியதையும் மேய்ச்சல் நிலம் போனதையும் பற்றி அவர்கள் 2012 முதல் முறையிட்டு, 2017-இல்தான் ஓர் உடன்பாடு கண்டார்கள். சுரங்கம் தரும் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதில் உண்பவன் நான். ஆனாலும் பாலைவனத்தில் கிணற்றை நம்பி வாழ்பவனின் அச்சத்தை வெறும் கணக்குக் காட்டி அடக்கிவிட முடியாது.

இன்னொன்று. இங்கே தூசி பறக்கும் இடத்தில் முகமூடி இல்லாமல் ஒருவரையும் நுழைய விடுவதில்லை. உங்கள் காலத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு துளையிட்டீர்கள்; அந்த இருமலை வயதின் மேல் போடாதீர்கள். இந்த மாதப் பணம் வந்ததும் தம்பியை அழைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, எத்தனை ஆண்டு சுரங்கத்தில் வேலை பார்த்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மூத்த மகன்