செவலையைப் பற்றி உன்னிடம் மறைத்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன வாரம் மூன்று முறை போனில் கேட்டாய், "கோழியெல்லாம் எப்படிப்பா இருக்கு?" என்று. மூன்று முறையும் "நல்லா இருக்கும்மா" என்றேன். அது பொய். செவலைக்கு உடம்பு சரியில்லாமல் போய் இன்றோடு 11 நாள் ஆகிறது. இப்போது தேறி வருகிறது, அதனால்தான் எழுதுகிறேன். பயந்துகொண்டே படிக்காதே. அம்மா முதல் நாளே உன்னிடம் சொல்லிவிடச் சொன்னாள். புது வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவளுக்கு இந்தக் கவலை வேறு எதற்கு என்று நான்தான் தடுத்தேன்.

நீ கிளம்பும்போது நான்கு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாய். தீவனம் எவ்வளவு, தண்ணீர் எப்போது மாற்ற வேண்டும், இருட்டுவதற்குள் கூட்டை எப்படிப் பூட்ட வேண்டும், எல்லாம் இருந்தது. உடம்புக்கு வந்தால் என்ன செய்வது என்று மட்டும் ஒரு வரி இல்லை. குறை சொல்லவில்லை. நீயே அவற்றை வாங்கி ஐந்து மாதம்தானே ஆகியிருந்தது.

முதலில் நான் கவனித்தது வாலை. கருப்பியும் புள்ளியும் வாலைத் தூக்கிக்கொண்டு நடக்க, செவலையின் வால் மட்டும் தொங்கிக் கிடந்தது. ஆனால் தீவனத் தட்டை வைத்ததும் மற்ற இரண்டோடும் சேர்ந்து ஓடி வந்தது. குனிந்தது, கொத்தியது. சரி, சாப்பிடுகிறதே என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கொத்துகிறது, அலகில் எடுக்கிறது, அப்படியே கீழே போட்டுவிடுகிறது. ஒரு மணிகூட உள்ளே போகவில்லை. சாப்பிடுவது போல நடிக்கிறது!

பின்னால் டாக்டர் சொன்னார், கோழிகள் எல்லாமே இப்படித்தானாம். கூட்டத்தில் ஒன்று சோர்ந்துவிட்டது என்று தெரிந்தால் மற்றவை கொத்தி விரட்டும். வேட்டையாட வரும் பிராணியும் அதைத்தான் முதலில் குறிவைக்கும். அதனால் முடிகிற வரைக்கும் மறைத்துப் பார்க்கும். நம் கண்ணுக்குத் தெரிகிற அன்றைக்கு நோய் வந்து பல நாள் ஆகியிருக்கும். அம்மா இதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

நான்காம் நாள் காலையில் செவலை மூலையில் இறகைப் புஸ்ஸென்று விரித்துக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது. கண் பாதி மூடியிருந்தது. (கோழிக்குக் கீழ் இமைதான் மேலே ஏறி மூடுகிறது, கவனித்திருக்கிறாயா? நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.) அப்போதும் எனக்கு நோய் என்று தோன்றவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை இறகு உதிர்க்கும், அப்போது முட்டையும் நின்றுபோகும், ஆளும் சோர்ந்திருக்கும் என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் கூட்டில் உதிர்ந்த இறகே இல்லை. அடைக்கு உட்காரப் போகிறதோ என்று பார்த்தால், அடைக்கோழி முட்டைப்பெட்டியை விட்டு அசையாது, கிட்டே கை கொண்டுபோனால் சீறும். இது என்னைக் கண்டும் காணாதது போல நின்றது.

கையில் தூக்கினேன். அப்போதுதான் பயம் வந்தது. வெளியே பார்க்கப் பஞ்சு மூட்டை மாதிரி இருந்ததற்கு உள்ளே ஒன்றுமே இல்லை. நடு மார்பெலும்பு கத்தி முனை போல விரலில் குத்தியது. இரண்டு பக்கமும் சதை வற்றிப்போயிருந்தது. இறகு எல்லாவற்றையும் மூடி வைத்திருக்கிறது, பார். இப்போது வாரம் ஒருமுறை மூன்றையும் தராசில் வைத்து எடை எழுதிவைக்கிறேன். கண்ணை நம்புவதை விட்டுவிட்டேன்.

அன்றைக்கு நான் செய்த முட்டாள்தனங்களையும் சொல்லிவிடுகிறேன். இறக்கைக்கு அடியில் கை வைத்துப் பார்த்தேன், கொதித்தது. ஐயோ காய்ச்சல் என்று ஈரத்துணி போடப் போனேன். கோழிக்கு இயல்பான உடல் வெப்பமே 41 டிகிரி செல்சியஸை ஒட்டித்தானாம். நமக்குக் கொடுங்காய்ச்சல், அதற்குச் சாதாரணம். நோயில் கிடக்கும் கோழிக்கு அந்தச் சூட்டைக் காப்பாற்றுவதே பெரிய பாடு, அதில் நான் ஈரத்துணியோடு நிற்கிறேன்.

அடுத்தது இன்னும் மோசம். தண்ணீராவது இறங்கட்டும் என்று ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, அலகைத் திறந்து, தொண்டைக்குள் பீய்ச்சினேன். செவலை இருமியது, தலையை உதறியது, ஒரு நிமிடம் வாயைத் திறந்துகொண்டு மூச்சுக்குத் தவித்தது. என் கை நடுங்கிவிட்டது. கோழியின் நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் வாசல் திறந்திருக்கிறது. நடுவில் பீய்ச்சினால் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டால் அதுவே நக்கி விழுங்கிக்கொள்ளும். அதோடு, நழுவிவிடக்கூடாதே என்று நான் அதன் மார்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தேன். நம்மைப் போல மூச்சை இழுத்துவிட அதற்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். மார்பை இறுக்கினால் வாயை மூடாமலேயே மூச்சை நிறுத்தியது போல. நான் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டிருந்தேன். அது பிழைத்தது அதன் ஆயுள் கெட்டி.

முதலில் போன இடத்தில் நாய், பூனை மட்டும்தான் பார்ப்பார்களாம். பறவை பார்க்கும் டாக்டரைத் தேடிப் பிடிக்க அரை நாள் போய்விட்டது. இதெல்லாம் கோழி வாங்கும் அன்றைக்கே விசாரித்து வைத்திருக்க வேண்டிய விஷயம்.

டாக்டர் முதலில் கேட்ட கேள்வி: "கடைசியா எப்ப முட்டை போட்டது?" எனக்குத் தெரியவில்லை. நான் கூடையில் எத்தனை முட்டை என்று எண்ணினேனே தவிர, யாருடையது என்று பார்த்ததில்லை. முட்டை உள்ளே சிக்கிக்கொண்டால் கோழி நிமிர்ந்து நின்று, வாலை ஆட்டி ஆட்டி முக்குமாம். ஒரு நாளைத் தாண்டவிட்டாலே உயிருக்கு ஆபத்து என்றார். அடிவயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, அது இல்லை என்று சொன்னார். அப்புறம் கழுத்துக்குக் கீழே, மார்பின் வலது பக்கம் கை வைத்தார். "இங்க பாருங்க" என்று என் விரலையும் வைக்கச் சொன்னார். தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி தொளதொளவென்று இருந்தது. அலகைத் திறந்ததும் புளித்த வாடை.

அதுதான் தீனிப்பை. கோழிக்குப் பல் இல்லையா, கொத்தியதெல்லாம் முதலில் அங்கே போய் ஊறும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, அரைவைப்பையில் அது விழுங்கி வைத்திருக்கும் சிறு கற்களோடு சேர்ந்து அரைபடும். இரவு படுக்கப் போகும்போது தீனிப்பை புடைத்திருக்க வேண்டும். காலையில் எழும்போது காலியாக இருக்க வேண்டும். செவலைக்கு இறங்கும் வழி அடைபட்டு, உள்ளே இருந்ததெல்லாம் புளித்துப்போய், அதில் காளான் கிருமி பெருகிவிட்டது. அடைத்தது எது தெரியுமா? புல்.

அந்தப் புல்லைப் போட்டது நான். தோட்டத்தில் புல் வெட்டிவிட்டு, கோழிக்குப் பச்சை நல்லதாச்சே என்று வாரி வாரிக் கூண்டுக்குள் கொட்டினேன். மண்ணில் வேரோடு நிற்கும் புல்லைக் கோழி பிடித்து இழுத்துத் துண்டு துண்டாகக் கிள்ளும். வெட்டிப்போட்டதைக் கிள்ள முடியாது, நீளமாக அப்படியே விழுங்கும். உள்ளே போய் கயிறு போலத் திரிந்து பந்தாகிவிடுகிறது. உன் நான்கு பக்கத்தில் இதுவும் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான்.

டாக்டர் குழாய் விட்டு அந்தப் புளித்த நீரை எடுத்தார், பந்தாக இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைந்து தளர்த்தினார், தோலுக்கடியில் திரவம் ஏற்றினார். தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைப்பவர்கள் உண்டாம். அதை வீட்டில் ஒருநாளும் செய்யாதீர்கள், வருவது மூச்சுக்குழலுக்குள் போய் அங்கேயே செத்துவிடும் என்று கண்டிப்பாகச் சொன்னார். நிஸ்டாட்டின் என்ற மருந்தை எடைக்குத் தகுந்த அளவில் கொடுத்தார். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கரைத்துக் கொடுத்திருந்தால் காளான் இன்னும் செழித்திருக்கும் என்றார். நான் அதற்கும் தயாராகத்தான் இருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

பிறகு வீட்டு வைத்தியம். பெரிய அட்டைப்பெட்டி, அடியில் துண்டு. ஒரு பக்கம் மட்டும் துணி சுற்றிய வெந்நீர்ப் பை, சூடு அதிகமானால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம். வெளிச்சம் குறைவு. முதல் நாள் தண்ணீர் மட்டும், அடுத்த நாளிலிருந்து தண்ணீரில் குழைத்த தீவனம் ஒரு ஸ்பூன், ஒரு ஸ்பூன். ஒரு நாளைக்கு 100 கிராமுக்கு மேல் தின்கிற கோழிக்கு இது எம்மாத்திரம் என்று எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் தீனிப்பை இறங்கின அளவுக்குத்தான் மேலே போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். உட்கார்ந்து விரல் நுனியால் மெதுவாகத் தடவிக்கொடுத்தேன். நான்காவது தடவைக்குப் பிறகு பெட்டியைத் திறந்ததுமே தலையைச் சாய்த்து என்னைப் பார்க்க ஆரம்பித்தது. அம்மா அதை "அவள்" என்கிறாள். நான் இன்னும் "அது"தான். சில சமயம் வாய் தவறிவிடுகிறது.

எச்சத்தைப் பற்றி இவ்வளவு யோசிப்பேன் என்று நினைத்ததே இல்லை. பச்சையாகப் போனால் வயிறு காலி, வெறும் பித்தம். பழுப்புக் கட்டியின் மேல் வெள்ளைத் தொப்பி இருந்தால் நல்லது, அந்த வெள்ளைதான் அதன் சிறுநீர். ஏழாம் நாள் களிமண் போலப் பிசுபிசுவென்று, நாற்றம் தாங்காத ஒன்று வந்தது. பதறிப்போய் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் சிரித்தார். நல்ல கோழி எதுவுமே தினமும் சில தடவை அப்படிப் போகுமாம், பெருங்குடல் தொடங்கும் இடத்திலுள்ள பைகளிலிருந்து வருவதாம். கருப்பியும் புள்ளியும் இத்தனை மாதமும் அதைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. நான் பார்க்கவில்லை.

இது மற்றவற்றுக்குத் தொற்றாது. தொற்றுகிறதாக இருந்தால் கதையே வேறு. இரண்டு மூன்று ஒன்றாகச் சோர்ந்தாலோ, திடீரென்று செத்தாலோ வெள்ளைக்கழிச்சலோ பறவைக் காய்ச்சலோ இருக்கலாம், வெறுங்கையால் தொடாமல் கால்நடைத் துறைக்கு உடனே சொல்லிவிட வேண்டும் என்றார் டாக்டர். இதற்கே நான் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன். அம்மா மட்டும் அதைக் கன்னத்தில் வைத்துக் கொஞ்சுகிறாள், சொன்னால் கேட்பதில்லை. நீ ஒரு வார்த்தை சொல்லு.

கூட்டுக்குத் திரும்பியதுதான் அடுத்த தலைவலி. ஐந்து நாள் காணாமல் போனவளைக் கருப்பி அந்நியமாகப் பார்த்தது, கொண்டையிலேயே ஒரு கொத்து. உடனே எடுத்துவிட்டேன். இப்போது நடுவில் கம்பிவலை, இந்தப் பக்கம் செவலை, அந்தப் பக்கம் மற்ற இரண்டும். பார்த்துக்கொண்டே தின்கின்றன. நேற்று மாலை கருப்பி வலைக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. இன்னும் இரண்டு மூன்று நாளில் இருட்டிய பிறகு பரணில் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

தினமும் காலையில் கூட்டைத் திறப்பதற்கு முன்னால் மூன்றின் தீனிப்பையையும் தொட்டுப் பார்க்கிறேன். இன்று காலை செவலையினுடையது காலியாக இருந்தது. வெளிறிப்போயிருந்த கொண்டை நுனியிலிருந்து சிவக்க ஆரம்பித்திருக்கிறது. எடை 1,480 கிராம். டாக்டரிடம் போன அன்று 1,310. முட்டை இன்னும் இல்லை. வந்தாலும் அவர் சொல்லும் வரை நாங்கள் சாப்பிடுவதாக இல்லை. ஒருமுறை வந்த தீனிப்பைக் கோளாறு மறுபடியும் வரலாம் என்றும் சொல்லியிருக்கிறார். வந்தால் அன்றைக்கே உனக்குப் போன் செய்வேன். நீயும் அங்கே ஏதாவது என்றால் "நல்லா இருக்கேம்ப்பா" என்று வைத்துவிடாதே.

அப்புறம், உன் அலமாரியில் இருந்த பூப்போட்ட மஞ்சள் துண்டு உனக்கு வேண்டுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். வேண்டும் என்று சொன்னாலும் பிரயோசனம் இல்லை. அது செவலையின் பெட்டிக்குப் போய்விட்டது.

அன்புடன்,
அப்பா