மர்மச் சுரங்கம் இல்லீங்க, அது கூட்ஸ் ஷெட்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல ரெண்டாம் உலகப்போர் பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க, விமானம் டாங்கி எல்லாம் படத்தோட அருமையா வந்திருந்துச்சு, ஆனா கடைசிப் படத்துக்குக் கீழ "இங்கிலாந்து கிராமத்தில் மர்மச் சுரங்கம்"னு ஒரு வரி போட்டீங்க பாருங்க, அதுக்காகத்தான் இந்த லெட்டர். நான் முப்பது வருஷத்துக்கு மேல ரயில்வேல கூட்ஸ் பக்கம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். படத்துல இருக்கிற அந்தச் சுரங்க வாசலுக்கு முன்னாடி தரையைப் பார்த்தாலே தெரியுது, ஜல்லி கொட்டிக் கிடக்கு, ஓரமா பிளாட்ஃபாரம் விளிம்பு. இதுல என்னங்க மர்மம்? லோடு வந்திருக்கு, இறக்கி வச்சிருக்காங்க. வந்த லோடுதான் கொஞ்சம் விவகாரமானது, குண்டும் வெடிமருந்தும்.

போர்னா டாங்கி, விமானம்தான் நம்ம கண்ணுக்குத் தெரியுது. அதுங்க சுடற குண்டு ஆயிரக்கணக்கான டன், தொழிற்சாலைல இருந்து வந்து போர்முனைக்குப் போற வரைக்கும் எங்கயாவது இருந்தாகணுமே. ஊருக்குள்ள வைக்க முடியாது, லாரில அவ்வளவையும் இழுக்கவும் முடியாது. அதனால ஆள் நடமாட்டம் கம்மியா இருக்கிற கிராமமா, ஆனா பக்கத்துல ஒரு ரயில் லைன் ஓடுற இடமா பார்த்துப் பிடிச்சாங்க. இங்கிலாந்துல ஷ்ராப்ஷயர்ல நெஸ்க்ளிஃப்னு ஒரு இடம், அங்க சரியா ஓடாம கிடந்த ஒரு சின்ன லைட் ரயில்வேயை 1941ல ராணுவம் எடுத்துக்கிட்டு, வயல்வெளி பூரா இருநூறுக்கும் மேல ஷெட்டு கட்டி, ஒவ்வொண்ணுக்கும் தண்டவாளம் இழுத்துட்டாங்க.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயமே அந்த லேஅவுட்தான். நாங்க யார்டுல எல்லாத்தையும் எவ்வளவு கிட்டக்கிட்ட வைக்க முடியுமோ அவ்வளவு கிட்ட வைப்போம், ஷண்டிங், அதாவது வேகனை முன்னபின்ன இழுத்துத் தள்ளுற வேலை மிச்சம், டீசல் மிச்சம். இங்க அப்படியே தலைகீழ். ஒரு ஷெட்டு வெடிச்சா அடுத்த ஷெட்டு வெடிக்கக்கூடாது, அதனால நடுவுல வேணும்னே இடம் விட்டு விட்டு கட்டியிருக்காங்க. அமெரிக்காவுல இன்னும் ஒரு படி மேல போய், வளைவா கான்கிரீட் கூரை போட்டு மேல மண்ணைக் கொட்டி மூடிடுவாங்க, வெடிச்சா வேகம் பக்கவாட்டுல போகாம மேல போகணும்னு. பார்க்க எஸ்கிமோ பனிவீடு மாதிரி இருக்கும், அதுக்குப் பேரே இக்ளூ. தெற்கு டகோடால 1942ல அப்படி எண்ணூறு இக்ளூ கட்டின டெப்போவை ஒட்டி வந்த ஊருக்கும் இக்ளூன்னே பேர் வச்சுட்டாங்க. 1967ல டெப்போவை மூடினாங்க, ஊரும் காலி.

ரெண்டு வருஷம் முன்னாடி பையன் கூட்டிட்டுப் போனான்னு நெஸ்க்ளிஃப் பக்கம் நடந்தேன். ஷெட்டுங்க வயலுக்கு நடுவுல ஒண்ணு இங்க ஒண்ணு அங்கன்னு நிக்குது, பார்க்கிறவங்களுக்கு ஏதோ தாறுமாறா கட்டின மாதிரி இருக்கும். ஒரு வேலில கம்பத்துக்குப் பதிலா நட்டு வச்சிருந்தது தண்டவாளத் துண்டு, துரு ஏறி பொறுக்கு பொறுக்கா உரியுது. கொஞ்சம் தள்ளி முள்ளுப்புதர் மூடின கான்கிரீட் மேடை, பக்கத்துல போய் நின்னேன், சரியா என் இடுப்பு உயரம். பையன் இது என்ன திண்ணையாப்பான்னு கேட்டான். வேகன் தரை மட்டம்டா அது, குண்டைத் தூக்காம அப்படியே தள்ளி இறக்கறதுக்குன்னு சொன்னேன். அவன் போட்டோ எடுக்கக்கூட இல்ல, அது வேற கதை.

பூமிக்கடியில இருந்ததும் உண்டு. வில்ட்ஷயர்ல கோர்ஷம் பக்கம் பழைய கல்குவாரிங்களைத் தோண்டித் துப்புரவாக்கி பெரிய கிடங்கா மாத்தினாங்க. அங்க மெயின்லைன் போற பாக்ஸ் டன்னலோட கிழக்கு வாசலுக்குப் பக்கத்துலயே சின்னதா இன்னொரு வாசல் இருக்கு, அது வழியா வெடிமருந்து ரயில் நேரா உள்ள போய், பூமிக்கடியிலயே பிளாட்ஃபாரத்துல நின்னு லோடு இறக்கிச்சு. இந்தச் சின்ன வாசலை வச்சு, உள்ள ரகசியமா நீராவி இன்ஜின்களை ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு ரொம்ப நாள் கதை விட்டாங்க. இன்ஜினும் இல்ல ஒண்ணும் இல்ல. நீங்க போட்ட தலைப்பும் இந்த வகைதான், கோச்சுக்காதீங்க.

மர்மத்தை விட்டுட்டு நடந்ததைச் சொல்லியிருந்தா அதுவே எவ்வளவோ இருக்கு. வேல்ஸ்ல லான்பெரிஸ் ஸ்லேட் குவாரிக்குள்ள கட்டின கிடங்கு, மேல கொட்டின கல்லோட பாரம் தாங்காம 1942 ஜனவரி 25ந்தேதி இடிஞ்சு விழுந்துச்சு, உள்ள ஆயிரக்கணக்கான டன் குண்டு, ரயில் வேற நின்னுட்டிருந்துச்சு, நல்லவேளை வெடிக்கல. இங்கிலாந்துல ஸ்டாஃபோர்ட்ஷயர் ஃபால்ட்ல இருந்த பூமிக்கடி குண்டுக் கிடங்குக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல. 1944 நவம்பர் 27, காலைல பதினொன்னு பத்துக்கு மேல, 3,500 டன்னுக்கும் மேல ஒரே நேரத்துல வெடிச்சு சுமார் 70 பேர் செத்தாங்க, மேல இருந்த ஒரு பண்ணையே இல்லாம போச்சு. குண்டுல மரக்கட்டையை வச்சு செய்யவேண்டிய வேலையை ஒருத்தர் பித்தளை உளியால செஞ்சிட்டிருந்ததைப் பார்த்தேன்னு விசாரணைல ஒரு சாட்சி சொன்னாராம். அந்தப் பள்ளம் சுமார் 100 அடி ஆழத்துல இன்னைக்கும் இருக்கு. சுத்தி வேலி, ஏன்னா உள்ள வெடிக்காத குண்டு இன்னும் இருக்கு.

ரயில்காரங்களைப் பத்தி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்னு எனக்கு ஆதங்கம். அதே வருஷம் ஜூன் 2, நடுராத்திரி தாண்டி, இங்கிலாந்துல சோஹம் ஸ்டேஷன்கிட்ட 51 வேகன் குண்டு ரயில்ல இன்ஜினுக்கு அடுத்த வேகன் தீப்பிடிச்சுக்கிச்சு. டிரைவர் கிம்பெர்ட் வண்டியை நிறுத்த, ஃபயர்மேன் நைட்டால் இறங்கி ஓடி அந்த ஒரு வேகனுக்குப் பின்னாடி கப்ளிங்கை, அதாவது வேகனையும் வேகனையும் கோக்கற கொக்கியைக் கழட்டிவிட, மத்த ரயிலை விட்டுட்டு எரியிற வேகனோட சுமார் 140 கஜம் போறதுக்குள்ள வெடிச்சிருச்சு. நைட்டாலும் சிக்னல்மேன் பிரிட்ஜஸும் செத்துட்டாங்க, கிம்பெர்ட் பிழைச்சாரு. மிச்சம் 50 வேகன் வெடிக்கல, ஊர் தப்பிச்சது. சூடேறின கப்ளிங்கைக் கழட்டறதுன்னா என்னன்னு கப்ளிங் கழட்டினவனுக்குத்தான் தெரியும் சார், பகல்ல சும்மா நிக்கிற வண்டிலயே கை வழுக்கும்.

இன்னொண்ணு, மர்மம்னு போட்டா பசங்க டார்ச்சை எடுத்துக்கிட்டு உள்ள போய்ப் பார்க்கலாம்னு கிளம்பிடுவாங்க. பழைய குவாரிக் கூரை எப்ப விழும்னு சொல்ல முடியாது, தரைல கிடக்கிற துருப்பிடிச்ச சாமான் எதுன்னும் தெரியாது. வெளிய நின்னு பிளாட்ஃபாரத்தையும் மண்மேட்டையும் பாருங்கன்னு ஒரு வரி சேர்த்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

அந்தப் படம் எடுத்தவர்கிட்ட ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. வாசலுக்குள்ள போற தண்டவாளம், இல்ல அது இருந்த தடம், எத்தனை அகலம்? ரெண்டடியா, ரெண்டரை அடியா, மெயின்லைன் அகலமா? இங்கிலாந்துலயே இருந்த குண்டு டெப்போக்கள்ல, சில்மார்க்ல உள்ள ஓடினது ரெண்டடி, டீன் ஹில்ல ரெண்டரை. அகலம் தெரிஞ்சா எந்த டெப்போன்னு ஓரளவுக்குச் சொல்லிடுவேன், அடுத்த வாரம் சரியான பேரோட போட்டுடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே வாசகர்