பழைய கோடரிகளுக்கு வண்ணம் பூசுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய கோடரிகளைத் தேடியெடுத்து, துரு நீக்கி, புதுக் காம்பு போட்டு விற்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். காயலான் கடைக்குப் போக வேண்டிய நல்ல இரும்பை மீண்டும் வேலைக்குக் கொண்டுவருகிறீர்கள். அதற்காக உங்கள் மேல் மரியாதை உண்டு. கோபமும் உண்டு. இந்த மடல் கோபத்தில் எழுதுவது.

"அந்தக் காலத்து எஃகு, உடையவே உடையாது" என்று சொல்லி விற்கிறீர்கள். வாங்க வருபவர்களில் சிலரோ, வயதானால் எஃகு நொறுங்கிப்போகும் என்று பயப்படுகிறார்கள். இரண்டு பேச்சுக்கும் ஆதாரம் இல்லை. சும்மா கிடப்பதால் மட்டும் கோடரி பலமிழப்பதில்லை. 1943 ஜனவரியில் ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல், கட்டி முடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தபோது, துறைமுகத்தில் அசையாமல் நின்ற இடத்திலேயே இரண்டாகப் பிளந்தது. புத்தம்புது எஃகு அது. குளிரும் பற்றவைப்பின் குறைகளும் அதைப் பிளக்கப் போதுமாக இருந்தன. ஆகவே எத்தனை வருடப் பழசு என்பதை விடுங்கள்; எங்கே விரிசல் என்று பாருங்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. பழைய கோடரிகள் பலவற்றில் உடல் மென்மையான இரும்பு. வெட்டும் முனை மட்டும் எஃகு. இரண்டையும் உலையில் காய்ச்சி, அடித்து ஒட்டியிருப்பார்கள். ஒட்டிய இடத்தில் கசடு மாட்டியிருந்தால், வெளியே தெரியாமல் அது பல்லாண்டுகள் காத்திருக்கும். அங்கே நிறம் மாறும் கோடு தெரிவது குற்றமில்லை, சொல்லப்போனால் அழகு. அந்தக் கோட்டில் ஊசிமுனை மாட்டினால்தான் ஆபத்து. அடுத்தது, காம்பு நுழையும் துளையின் இரு பக்கச் சுவர்கள். கோடரியின் பின்புறத்தைச் சம்மட்டியாகப் பயன்படுத்தி இரும்பு ஆப்புகளை அடித்தவர்கள் ஏராளம். அதற்கென்று செய்யாத கோடரியில் அந்தச் சுவர் மெலிந்தது. அடி தாங்காமல் பிதுங்கும், மூலையில் கீறல் விடும். பிறகு ஒவ்வொரு வெட்டும் அந்தக் கீறலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டும்.

இனி உங்கள் பட்டறைக்கு வருகிறேன். கம்பி பிரஷை மோட்டாரில் மாட்டி அழுத்தித் தேய்க்கும்போது, மேற்பரப்பு உலோகம் இழுபட்டு மெல்லிய விரிசலின் வாயை மூடிவிடலாம். அதன்மேல் வண்ணம். போதாக்குறைக்கு, துளைச் சுவரில் கண்ட கீறலை வெல்டிங் செய்து, அரைத்து மறைப்பதையும் பார்த்திருக்கிறேன். இது சீரமைப்பு அல்ல, ஏமாற்று. வெல்டிங் சூட்டில் அருகிலுள்ள உலோகம் கடினமாகி எளிதில் முறியக்கூடியதாகலாம். சூடு முனை வரை பரவினால் அங்கிருந்த பதமும், அதாவது முனைக்கு ஏற்றியிருந்த கடினமும், போய்விடும். கிரைண்டரில் முனை நீலம் பாரித்தாலும் பதம் போனதுதான், ஆனால் அது உடைவதில்லை, மழுங்குகிறது; அதனால் உயிருக்குப் பயமில்லை. துரு நீக்க வலுவான அமிலத்தில் ஊறவைப்பது வேறு கதை. கடினமாக்கிய எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை முறியவைக்கக்கூடும்.

பெரிய கருவிகள் வேண்டாம். தலையைச் சுத்தம் செய்து மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூள் பூசுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் கசிந்து, வெள்ளையில் கோடாகத் தெரியும். ரயில் பட்டறைகளில் முன்பு பாகங்களை இப்படித்தான் சோதித்தார்கள். மிக நுண்ணிய விரிசலுக்கு, எண்ணெய்க்குப் பதில் சிவப்புச் சாயத்தை விரிசலுக்குள் இறங்கவிட்டுப் பார்க்கும் சோதனை இன்னும் நல்லது. எதுவானாலும் வண்ணத்துக்கு முன்பே செய்துவிடுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான்: வண்ணம் பூசாத தலையின் படத்தைக் காட்டுங்கள், வெல்டிங் செய்திருந்தால் சொல்லுங்கள், உறைகுளிரில் வேலை செய்பவருக்கு விற்கும்போது, வெட்டத் தொடங்குமுன் முனையின் குளிரைப் போக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். விரிசல் கண்ட தலையை அலங்காரப் பொருளாக விற்பதானால் முனையை மழுக்கி, காம்பு போடாமல் விற்கவும். காம்பு இருந்தால் யாராவது ஒருநாள் அதை ஓங்கிப் பார்ப்பார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்