ஏரிக்கரைக் குடியிருப்பு யாருடைய கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊராட்சி வளர்ச்சித் திட்டம் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளை விடாமல் படிக்கிறேன். நிதி வந்ததா, கிராம சபை ஒழுங்காக நடந்ததா என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அந்தத் திட்டம் எந்த எல்லைக்குள் போடப்படுகிறது என்று கேட்பவர் இல்லை. விழுப்புரம் மாவட்டத்தில் 31 ஆண்டுகள் கிராம நிர்வாக அலுவலராக (வி.ஏ.ஓ.) வேலை பார்த்து 2019 இல் ஓய்வு பெற்றவள் நான். எனக்கு அந்தக் கேள்விதான் பெரிது.

நான் கடைசியாகப் பார்த்த வருவாய் கிராமத்தில், அதாவது நிலக் கணக்குக்காக வகுத்த கிராமத்தில், ஐந்து குக்கிராமங்கள். அவற்றில் மூன்று ஒரு ஊராட்சியில் இருக்கின்றன. இரண்டு பக்கத்து ஊராட்சியில். அந்தப் பக்கத்து ஊராட்சிக்குள் வேறொரு வருவாய் கிராமமும் முழுசாக அடக்கம். அதற்கு வி.ஏ.ஓ. வேறு ஆள். வெளியூர்க்காரருக்கு இது புரியவே அரை நாள் ஆகும். உள்ளூர்க்காரருக்கோ ஒவ்வொரு மனுவிலும் இடிக்கும்.

ஏரிக்கரை ஓரமாக 22 இருளர் குடும்பங்கள். ஓட்டும் வீட்டு வரியும் பக்கத்து ஊராட்சியில். குடிநீர்த் தொட்டி கட்டத் தோதாக இருந்த புறம்போக்கு மட்டும், நாலு எட்டு தள்ளி, முதல் ஊராட்சியின் எல்லைக்குள் விழுந்தது. "அவங்க எங்க ஜனம் இல்லையே, எங்க பணத்தை எப்படிம்மா போடறது?" என்றார் ஒரு தலைவர். "இடம் எங்க எல்லையில இல்ல, தணிக்கையில மாட்டிக்குவோம்" என்றார் மற்றவர். இருவர் மேலும் குற்றம் சொல்ல மாட்டேன். இருவர் சொன்னதும் சட்டப்படி சரி. அந்தச் சரிக்கு நடுவில் ஒன்பது வருஷம் அந்தப் பெண்கள் ஒரு விவசாயியின் பம்புசெட்டில் தண்ணீர் பிடித்துத் தலையில் சுமந்தார்கள். மின்சாரம் வராத நாளில் அதுவும் கிடையாது. கடைசியில் அந்த விவசாயியே தன் பட்டா நிலத்தில் மூன்று சென்ட் எழுதிக் கொடுத்தார். அது பக்கத்து ஊராட்சிக்குள் இருந்தது. தொட்டி வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நூறு நாள் வேலையில் ஏரியின் வரத்து வாய்க்காலைத் தூர்வாரினார்கள். நல்ல வேலை, ஆழமாகவே வெட்டினார்கள். ஆனால் ஊராட்சி எல்லை வந்ததும் வேலை நின்றுவிட்டது. அதற்கு மேலே அரை கிலோமீட்டர் வேலிக்காத்தான் அப்படியே கிடந்தது. அந்தப் பகுதி அடுத்த ஊராட்சியின் அந்த வருடப் பட்டியலில் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது எங்கள் மாவட்டத்து மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. எங்கள் பக்கமும் வானம் பிளந்ததுபோலத்தான் இருந்தது. வாய்க்காலில் போக வழியில்லாத தண்ணீர் வயலுக்குள் திரும்பி, இருளர் குடியிருப்பில் இடுப்பளவு நின்றது. பயிர்ச் சேதத்தை வருவாய் கிராமவாரியாக எழுதினார்கள். நிவாரணம் ரேஷன் கார்டுவாரியாக வந்தது. மணல் மூட்டை ஊராட்சி வாங்கியது. மூன்று கணக்கும் ஓரிடத்தில் சேர்ந்து நான் பார்க்கவில்லை.

ஏன் இப்படி? வருவாய் கிராமம் தீர்வை வசூலுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் அளந்து கல் நட்ட எல்லை. அவனுக்கு வயல் முக்கியம், வீடு இல்லை. ஊராட்சி ஒன்றியம் 1952 இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சி வட்டாரங்களின் வழியாக வந்தது. ஊராட்சி தலைக்கட்டையும் ஓட்டையும் பார்த்து அமைந்தது. ஒரு வருவாய் கிராமத்தின் துண்டையோ, இரண்டு மூன்றைச் சேர்த்தோ ஊராட்சி ஆக்க 1994 ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டமே இடம் தருகிறது. இடம் தருவது தவறு இல்லை, மக்கள் குடியிருக்கும் விதம் அப்படி. ஆனால் துண்டாடிய பிறகு இந்தப் பக்கத்துக் கணக்கை அந்தப் பக்கத்துக் கணக்கோடு இணைக்க ஒரு பதிவேடு வேண்டாமா? 1980 இல் கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியக்காரர் (ஊர்த் தலைமை அலுவலர்) முறை போய் வி.ஏ.ஓ. பணியிடம் வந்தது. ஊரின் எல்லைகளை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் அந்தப் பழைய ஆட்கள். பரம்பரைப் பதவி ஒழிந்தது நல்லதே. அந்த மனப்பாடம் மட்டும் எழுத்தில் ஏறாமலே போய்விட்டது.

இப்போது திட்டம் போடும் முறையைப் பாருங்கள். அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணை 29 துறைகளை ஊராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்கிறது. ஊராட்சியின் திட்டம் ஊராட்சி எல்லைக்குள் போடப்படுகிறது. அதற்கு வேண்டிய சாகுபடிப் பரப்பு அடங்கல் என்ற பயிர்க் கணக்கில் இருக்கிறது, அடங்கல் வருவாய் கிராமத்துக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமமும் வருவாய் கிராமமே. ஆக, தன் ஊராட்சியில் எத்தனை ஏக்கர் நஞ்சை, எத்தனை பேர் என்று ஒரு தலைவர் நேராகச் சொல்ல முடியாது. ஊராட்சிச் செயலர் இரண்டு மூன்று இடத்தில் கேட்டுக் கூட்டிக் கழித்து ஒரு எண்ணை எழுதுவார். அவசரத்துக்குப் போன வருட எண்ணே மறுபடி வரும். நான் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஐந்நூறு பேர்கூட இல்லாததும் உண்டு, பத்தாயிரத்தைத் தாண்டியதும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி படிவம். எங்கள் மாவட்டத்தில் 2021 அக்டோபரில்தான் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பிரிக்கப்பட்ட மாவட்டங்களில் முதலில் எல்லை மறுவரையறை, பிறகு தேர்தல் என்று உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொன்னதால் வந்த தாமதம் அது. அப்போதும் வார்டுகளைத் திருத்தினார்களே தவிர, ஊராட்சிக்கும் வருவாய் கிராமத்துக்கும் நடுவிலுள்ள சிக்கலைத் தொடவில்லை. இப்போது எல்லையை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடியும்வரை நிர்வாக எல்லையைத் தொடக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் எல்லையை மாற்றாமலே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். குக்கிராமம் வாரியாக, அது எந்த வருவாய் கிராமம், எந்தப் புல எண் முதல் எந்தப் புல எண் வரை, ரேஷன் கடை எது, துணை சுகாதார நிலையம் எது, ஏரியும் வாய்க்காலும் யார் பொறுப்பு என்று. ஏரி விஷயத்தில் இது ரொம்ப அவசியம். நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள ஏரி ஒன்றியத்துக்கு, அதற்கு மேல் நீர்வளத் துறைக்கு. ஜனங்களுக்குத் தெரிவது ஏரி மட்டும்தான். கிராம சபைக்கும் திட்டக் கூட்டத்துக்கும் வி.ஏ.ஓ. அ-பதிவேட்டையும் (புல எண்வாரியான நிலப் பதிவேடு) புலப்படத்தையும் கொண்டுவந்து உட்கார வேண்டும். கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவது போதாது. ஒரே வாய்க்கால் இரண்டு ஊராட்சி வழியாகப் போனால் இரண்டு தீர்மானமும் ஒரே வேலையாக ஒன்றியத்துக்குப் போக வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து எல்லை திருத்த நேரம் வரும்போது, ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர் வெளியிடும் வரைவு முதலில் குக்கிராமங்களில் படிக்கப்பட வேண்டும்.

இந்தப் பட்டியல் போட ஒரு வி.ஏ.ஓ.வும் ஒரு ஊராட்சிச் செயலரும் ஒரு வாரம் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். நான் பார்த்த கிராமத்துக்கு ஓய்வு பெறும் முன்பே ஒன்று எழுதி முடித்தேன். ஐந்து குக்கிராமம், 412 புல எண், நாற்பது பக்க நோட்டில் கையெழுத்தாக இருக்கிறது. ஏரிக்கரை 22 வீடுகளையும் தனித்தனியாகக் குறித்திருக்கிறேன். எந்த ஊராட்சி வேண்டுமானாலும் நகல் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
விழுப்புரம் மாவட்டம்.